குசினி யன்னல் இன்னும் பூட்டியே கிடக்கிறது

வாசகர் கேள்வி

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 34. மட்டக்களப்பின் எழுவான்கரையில் ஓர் ஊர். அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில், அம்மாவோடும் ஏழு வயது மகனோடும் இருக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை. பக்கத்து வளவுக்காரர் தூரத்து உறவு, முறைக்கு மாமா. போன மாரிக்கு முன் அவர் தன் வளவுக்குக் கிறவல் கொட்டி உயர்த்தினார். மழை தொடங்கியதும் அவர் பக்கத்துத் தண்ணீர் முழுக்க எங்கள் கிணற்றடியில் வந்து நின்றது. இரண்டு தடவை தன்மையாகச் சொல்லிப் பார்த்தோம். பிறகு பிரதேச சபைக்கு எழுதிக் கொடுத்தேன். ஜூன் மாதம் அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று பின்னேரம், அவர் குடித்துவிட்டு, தேங்காய் வெட்டுகிற கத்தியோடு வேலிக்கு வந்தார். "உன்னையும் உன்ட மகனையும் வெட்டி அந்தக் கிணத்துக்குள்ளேயே போடுவன்" என்றார். மகன் என் பக்கத்தில்தான் நின்றான்.

அடுத்த நாள் பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். அவரைக் கூப்பிட்டு எச்சரித்து, அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தினமும் பின்னேரம் வேலியோரம் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்காருகிறார். நான் குசினி யன்னலுக்கு வந்தால் தொண்டையைச் செருமுகிறார். யன்னலைப் பூட்டிவிட்டேன். உடுப்புக் காயப்போடுவது முன்பக்கம். பொழுதுபட்டால் கிணற்றடிக்குப் போவதில்லை. பின்கதவுக்கு இரண்டு ஆமைப்பூட்டு, திறப்பு என் தலையணைக்குக் கீழே. ஒரு நாள் இரவு யாரோ படலையை ஆட்டின மாதிரிச் சத்தம். அவரா, காற்றா, மாடா, தெரியவில்லை. விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அம்மா முறைப்பாட்டை வாபஸ் வாங்கு, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கரிடம் சொல்லிச் சமாதானமாகப் போவோம் என்கிறார். ஊரில் "பொலிசுக்குப் போன புள்ள" என்று பெயர் வந்துவிட்டது. கணவர் ஒவ்வொரு இரவும் போன் எடுத்து "இண்டைக்கும் ஏதும் செய்தானா" என்று கேட்கிறார். "நான் வந்து அவனுக்குக் காட்டுறன்" என்று ஒரு குரல் பதிவும் அனுப்பி, அதை அவருக்கு அனுப்பச் சொல்கிறார். இன்னும் அனுப்பவில்லை. கல்முனையில் அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். நான் பொலிசுக்குப் போனது பிழையா அக்கா? இந்த வீட்டில் எனக்கு எப்போது பழையபடி நித்திரை வரும்?

பெயரும் ஊரும் வேண்டாம், மட்டக்களப்பு

பதில்

தங்கச்சி,

நீங்கள் பொலிசுக்குப் போனது பிழையே இல்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை பக்கத்தில் நிற்க, வெட்டுவேன் என்று சொல்வது வெறியில் வந்த பேச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நமது தண்டனைச் சட்டக்கோவையில் இதற்கு 486ஆம் பிரிவு இருக்கிறது. பயமுறுத்தல் உயிரைக் குறித்ததாக இருந்தால் ஏழு வருடம் வரை சிறைத்தண்டனை கொடுக்கலாம். அவ்வளவு பெரிய விடயத்தைத்தான் நீங்கள் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் ஒரு வரியில் பதில் இல்லை. முறைப்பாடு கொடுத்தால் நெஞ்சு இலேசாகும் என்று நம்பித்தான் எல்லோரும் போகிறோம். கொடுத்து வந்த பிறகுதான் பயம் கூடுகிறது. அதுவரை அவர் செய்ததை நாம் தாங்கிக்கொண்டிருந்தோம், இப்போது நாம் ஒன்று செய்துவிட்டோம், அவர் பதிலுக்கு என்ன செய்வார் என்று உடம்பு காத்துக்கொண்டே இருக்கும். படலைச் சத்தத்துக்கு நீங்கள் விடியும் வரை உட்கார்ந்திருந்தது இதனால்தான். உங்கள் மனம் கெட்டுப்போகவில்லை. காவலுக்கு நிற்கிறது, காவலை எப்போது மாற்றுவது என்று தெரியாமல் நிற்கிறது.

நான் இருபத்தைந்து வருடம் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தவள். 2012இல் கல்லடியில் வாடகை வீட்டில் இருந்தேன். ஒரு பிள்ளையை முறைப்பாடு கொடுக்க நான் கூட்டிக்கொண்டு போனதற்காக, பின்தெருவில் இருந்த ஒருவர் என் வீட்டுக்குக் கல் எறியத் தொடங்கினார். நானும் பொலிசுக்குப் போனேன். எறிவது நின்றது. எனக்கு நிற்கவில்லை. அது ஓட்டு வீடு, மேலே இரண்டு தென்னை. ஒவ்வொரு குரும்பட்டிக்கும் துள்ளி எழும்பினேன். ஒரு பகல் விறாந்தையில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். குரும்பட்டி விழுந்தால் ஒரு சின்னத் தட்டு, பிறகு ஓட்டின் மேல் கடகடவென்று உருண்டு பீலியில் வந்து நிற்கும். கல் அப்படி உருளாது. அடித்த இடத்தில் ஓடு உடையும், அல்லது ஒரு துள்ளுத் துள்ளி மண்ணில் விழும். அந்த வித்தியாசம் காதுக்குப் பிடிபட்டதற்குப் பிறகு இரவில் கண் விழித்தாலும் உருளுகிற சத்தம் கேட்டதும் திரும்பிப் படுத்தேன். நீங்களும் ஒரு பகலில், மகன் பள்ளிக்கூடம் போன நேரம், உங்கள் படலையை நீங்களே ஆட்டிப் பாருங்கள். காற்று ஆட்டினால் எப்படி, மாடு முட்டினால் எப்படி, கையால் பிடித்து ஆட்டினால் கொளுக்கி எப்படிச் சத்தம் போடும் என்று கேளுங்கள். சின்ன வேலைதான், ஆனால் இரவில் உங்களுக்குத் தெரியாத சத்தங்கள் குறையும்.

சத்தம் மட்டும் அல்ல, என்னை உண்மையில் தூங்கவைத்தது பக்கத்து வீட்டு மாமி. தினமும் விளக்கு வைக்கிற நேரம் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து விறாந்தையில் உட்காருவார். அந்தக் கதையைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. பாக்கு வெட்டுவார், மகளின் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார், எட்டு மணிக்குப் போய்விடுவார். 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம், அதாவது உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்று கிழக்கே கலங்கியபோது நாங்கள் ஐந்து வீட்டுப் பெண்கள் ஒரே விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தோம். உங்கள் தெருவிலும் அப்படிப் படுத்தவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைக் கேளுங்கள். "மாமி, பின்னேரம் ஆறரைக்கு வந்து எங்களோட தேத்தண்ணி குடியுங்கோ" என்று சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. ஊரில் பத்துப் பேர் பேசுவார்கள். வருகிற ஒருவர் உங்களுக்குப் போதும்.

இப்போது அந்த யன்னல். உங்கள் கடிதத்தில் என் மனதைப் பிடித்துக்கொண்டது அதுதான். அவர் உங்கள் வளவுக்குள் ஓர் அடி வைக்கவில்லை. ஆனாலும் குசினி யன்னல், உடுப்புக் கொடி, பொழுதுபட்ட பிறகு கிணற்றடி, மூன்றும் அவர் கைக்குப் போய்விட்டன. கல்முனைக்குப் போனால் வீடும் போகும். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. உங்கள் அம்மாவுக்கு அவருடைய அம்மா கொடுத்திருப்பார். அதை விட்டுப் போவது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் அன்றிரவே போங்கள், யோசிக்கவே வேண்டாம், வீட்டைப் பிறகு பார்க்கலாம். ஆனால் அந்தக் கதிரைக்கும் செருமலுக்கும் பயந்து போகவேண்டாம்.

முதலில் யன்னலைக் காலையில் திறவுங்கள். அவர் வேலைக்கோ கடைக்கோ போன நேரமாகப் பார்த்து, அடுப்பில் கேத்தலை வைத்து, தண்ணீர் கொதிக்கும் வரை மட்டும். நாலைந்து நாள் அப்படி. பிறகு பின்னேரம், மாமி வீட்டில் இருக்கிற நேரம். அவர் செருமினால் செருமட்டும். நீங்கள் அவரைப் பார்க்கவும் வேண்டாம், முகத்தைத் திருப்பவும் வேண்டாம், தேங்காய் துருவுகிறவள் துருவிக்கொண்டே இருங்கள். நெஞ்சு படபடக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும், அது இறங்கின பிறகு யன்னலைச் சாத்துங்கள். படபடப்பின் உச்சத்தில் ஓடிச் சாத்தினால், சாத்தியதால்தான் தப்பினோம் என்று உடம்பு நம்பிவிடும். யன்னலுக்குப் பிறகு உடுப்புக் கொடி, கடைசியாகக் கிணற்றடி. அவர் குடித்திருக்கிற நாளில், கையில் எதையாவது வைத்திருக்கிற நாளில் இது எதையும் செய்யவேண்டாம். அன்று கதவைச் சாத்திவிட்டு 119ஐ அழையுங்கள். உங்கள் பொலிஸ் நிலையத்தின் நேரடி இலக்கத்தையும் போனில் போட்டு வையுங்கள். வேலிக்கு வந்து பேசினாலும் பதில் பேசாதீர்கள், வேலி பேசுகிற இடம் இல்லை.

பின்கதவுப் பூட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். இரண்டு ஆமைப்பூட்டு போட்டு, திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்தால், ஒரு தீ விபத்தென்றால் அம்மா எப்படி வெளியே வருவார்? இருட்டில் இரண்டு திறப்பை யார் தேடுவது? உள்ளே இருந்து கையால் இழுத்தால் திறக்கிற பலமான தாழ்ப்பாள் ஒன்று போதும். முன்படலைத் திறப்பைக் கதவுப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டி, மூவருக்கும் காட்டி வையுங்கள். கமரா பூட்டலாம், பின்பக்கம் ஒரு சோலார் விளக்கும் நல்லது. கமராவை உங்கள் வளவைப் பார்க்கிற மாதிரி வைக்கவேண்டும், அவருடைய வீட்டைப் பார்க்கிற மாதிரி வைத்தால் அது புதுச் சண்டை.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். திகதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், அவ்வளவுதான். "ஆகஸ்ட் 12, பின்னேரம் 5.40, கதிரையில் இருந்தபடி மூன்று தரம் செருமினார், அம்மாவும் கேட்டார்" என்கிற மாதிரி. கதிரையில் உட்காருவது குற்றம் இல்லை, ஒரு நாள் செருமலை வைத்து யாரும் ஒன்றும் செய்யமுடியாது. முப்பது நாள் செருமல் திகதியோடு எழுதியிருந்தால், வாசிக்கிற அதிகாரிக்கு ஒரு தொடர்ச்சி தெரியும். சத்தம் கேட்டது, யார் என்று தெரியாது என்றால் அப்படியே எழுதுங்கள், அவர் தலையில் போடாதீர்கள். இந்தக் கொப்பிக்கு இன்னொரு பலனும் உண்டு. எழுதி மூடிவிட்டால் இரவு முழுக்க அதை மனதில் வைத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் முறைப்பாட்டின் இலக்கமும் திகதியும் கையில் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் போய் எடுங்கள், பிரதி ஒன்றும் கேளுங்கள். நீங்கள் சொன்னதை எந்த மொழியில் எழுதினார்கள் என்றும் பாருங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லலாம், வாசித்துக் காட்டச் சொல்லலாம், விளங்காத எழுத்துக்குக் கீழே கையெழுத்து வைக்கத் தேவையில்லை. கத்தி இருந்தது, பிள்ளையையும் வெட்டுவேன் என்று பயமுறுத்தினார் என்ற இரண்டும் அதில் இல்லாமல் "வாய்த்தர்க்கம்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், மேலதிக வாக்குமூலம் கொடுங்கள். நான் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் பலருக்கு இது நடந்திருக்கிறது. தனியாகப் போகவேண்டாம். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரைக் கேளுங்கள். பெண்கள் உதவி இலக்கம் 1938.

முறைப்பாடு கொடுத்ததற்காக அவர் உங்களைப் பயமுறுத்தினால் அது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாக 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அவர் இன்னொரு தடவை வாயைத் திறந்தால், பழைய முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லிப் புதிதாக முறையிடுங்கள். அத்தோடு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் கீழ் அவரை நீதவான் முன் கொண்டுபோய், அமைதியைக் குலைக்கமாட்டேன் என்று பிணை எழுதி வாங்கும்படி பொலிசாரைக் கேட்கலாம். சில வேளை இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் போடுவார்கள். அந்த நேரம் உங்கள் கொப்பி பேசும். மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள். மத்தியஸ்த சபைக்கு அனுப்பினாலும் பயப்படாதீர்கள். அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை, நீங்கள் சம்மதிக்காத எதிலும் உங்களைக் கையெழுத்து வைக்கச் சொல்லமுடியாது.

அம்மாவோடு கோபிக்காதீர்கள். அவருடைய வயதில் இந்த மண்ணில் இருந்த பெண்களுக்குப் பொலிஸ் நிலையம் என்றால் வேறு ஞாபகம். 1990இல் வாசலில் நின்று, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் எப்போது வருவார் என்று கேட்ட தலைமுறை அது. அவர் வாபஸ் வாங்கு என்பது அந்த ஆளுக்குப் பயந்து மட்டும் அல்ல. அந்தக் கதையை அவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வண்ணக்கர் பேசட்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. தண்ணீரைப் பற்றி, வாய்க்காலைப் பற்றி, எல்லையைப் பற்றி எதையும் பேசலாம். வெட்டுவேன் என்று சொன்னது மட்டும் பேரம் பேசுகிற பொருள் இல்லை. அந்த முறைப்பாடு அப்படியே இருக்கவேண்டும். வாபஸ் வாங்கினால் அடுத்த தடவை கத்தியைக் காட்டினாலே போதும் என்று அவர் படித்துக்கொள்வார்.

உங்கள் கணவரின் குரல் பதிவை அனுப்பாமல் வைத்திருந்தீர்களே, அது எவ்வளவு பெரிய புத்தி! அது போயிருந்தால் இன்று அவர் பொலிசில் நிற்பார், கையில் உங்கள் கணவரின் பயமுறுத்தலோடு. கணவருக்கும் பாவம், கட்டாரில் ஓர் அறையில் படுத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாத கோபம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். கொப்பிப் பக்கத்தைக் கிழமைக்கு ஒரு தடவை படம் எடுத்து அனுப்புங்கள், அவர் சேமித்து வைக்கட்டும். இரவு போனில் அந்த ஆளைப் பற்றிக் கேட்கவேண்டாம் என்று சொல்லுங்கள். படுக்கப் போகிற நேரம் அந்தப் பெயர் வீட்டுக்குள் வரவேண்டாம். கேட்கவேண்டியதை மத்தியானம் கேட்கட்டும்.

மகனிடம் ஒன்றும் நடக்கவில்லை என்று பொய் சொல்லாதீர்கள். அவன் பார்த்துவிட்டான். "அந்த மாமா பிழையாகப் பேசினார், அம்மா பொலிசுக்குச் சொல்லிவிட்டேன், பெரியவர்கள் பார்க்கிறார்கள்" என்று சொல்லுங்கள். ஓடிப்போகக்கூடிய இரண்டு வீட்டை நடந்து போய்க் காட்டுங்கள், உங்கள் போன் இலக்கத்தைப் பாடமாக்குங்கள், வகுப்பாசிரியரிடம் காதில் போடுங்கள். வேலியைப் பார்த்துக்கொள் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குக் காவல் வேலை கூடாது.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் நித்திரை வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பேசமட்டும் வேண்டுமென்றால் 1926. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நானும் அந்த வருடம் போனேன்.

கடைசியாகத் தண்ணீர். இந்தப் பயத்தில் நீங்கள் அதை மறந்துவிடுவீர்கள் என்றுதான் எனக்குக் கவலை. கார்த்திகை மழை வந்தால் கிணற்றடி திரும்பவும் நிறையும், திரும்பவும் நீங்கள் இருவரும் அந்த வேலியில் நிற்பீர்கள். செப்டெம்பருக்குள் பிரதேச சபைக்கு ஞாபகக் கடிதம் ஒன்று எழுதுங்கள், பிரதி கிராம உத்தியோகத்தருக்கு. போன மாரியில் தண்ணீர் நின்றபோது போனில் எடுத்த படம் ஏதும் இருந்தால் இணையுங்கள். கடிதத்தைக் கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு உங்கள் பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள், தபால் என்றால் பதிவுத் தபால். அடுத்த முறை அவர்கள் அளந்து பார்க்க வரும்போது வேலிக்கு நீங்கள் போகவேண்டாம். கிராம உத்தியோகத்தர் நிற்கட்டும், நீங்கள் மாமியோடு விறாந்தையில் இருங்கள்.